கல்யாணம், நிச்சயதார்த்தப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கமெல்லாம் கல்யாணப் படம் எடுக்கிறோம். தேதி குறித்த கையோடு போன் செய்கிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். போனில் அவசரமாகச் சொல்வதைவிட இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லியிருக்கிறோம். எங்களுக்குக் கல்யாணம் முதலில், படம் அப்புறம். பதில்களை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும்?

மண்டபம் கிடைத்த அன்றே சொல்லிவிடுங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை. பங்குனிக்கு யோசிக்கிற குடும்பங்களும் உண்டு. ஆக, மிச்ச மாதங்களின் வளர்பிறை முகூர்த்தங்களில்தான் ஊரே கல்யாணம் வைக்கிறது. தை, வைகாசி, ஆவணியில் ஒரே நாளில் ஒரே தெருவில் இரண்டு மூன்று பந்தல் நிற்கும். பத்திரிகை அடித்த பிறகு தேடினால் நல்ல ஆட்கள் அந்தத் தேதியில் வேறு மண்டபத்தில் இருப்பார்கள்.

நிச்சயதார்த்தத்துக்குத் தனியாக ஆள் வேண்டுமா? வீட்டோடு சின்னதாகத்தான் செய்கிறோம்.

வேண்டும், ஆனால் பெரிய குழு வேண்டாம். ஒருவர், ஒரு கேமரா, இரண்டு மணி நேரம் போதும். பெண் வீட்டுக் கூடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது மூன்று லைட் ஸ்டாண்டை நட்டுவைத்தால் தட்டு மாற்றுகிறவர்கள் கை நீட்டக்கூட இடம் இருக்காது.

நிச்சயதார்த்தத்தில்தான் இரண்டு குடும்பமும் முதன்முதலாக எதிரெதிரே உட்காருகிறது. லக்னப் பத்திரிகை வாசிக்கும்போது பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பெண் உள்ளறையில் நின்று கதவோரம் காது கொடுத்துக்கொண்டிருப்பாள். பெயரும் கோத்திரமும் சரியாக வாசிக்கிறார்களா என்று தாத்தா முன்னால் சாய்ந்து கேட்பார். மண்டபத்தில் இதெல்லாம் கூட்டத்தில் மறைந்துவிடும், வீட்டில் மட்டுமே கிடைக்கும். எங்களைக் கேட்டால், கல்யாணத்துக்கு ஒரு கேமராவைக் குறைத்தாவது நிச்சயதார்த்தத்துக்கு ஒரு நல்ல ஆளை வையுங்கள் என்போம்.

ஒரு சின்ன ஏற்பாடு செய்தால் நல்லது. வெள்ளை டியூப்லைட், மஞ்சள் பல்பு இரண்டையும் ஒரே கூடத்தில் எரியவிடாதீர்கள். ஏதாவது ஒன்று மட்டும் எரியட்டும். பாதி முகம் நீலமும் பாதி முகம் மஞ்சளுமாக வந்தால் பின்னால் எவ்வளவு திருத்தினாலும் முழுதாகச் சரியாகாது.

பிரீ வெட்டிங் ஷூட் எந்த மாதம் வைத்தால் நல்லது? ஆற்றில் தண்ணீர், சுற்றிலும் பச்சை வயல் வேண்டும்.

இதைக் கேட்காதவர்கள் இல்லை. எந்தத் தேதி என்பதை இந்தப் பக்கத்தில் காவிரிதான் முடிவு செய்யும்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூட வழக்கமான நாள் ஜனவரி 28. அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு முன்பின்னாகும். திறந்த மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வரும், கடைமடைக்கு வர இன்னும் பல நாளாகும். ஆகவே சித்திரை, வைகாசியில் கல்யாணம் வைத்துக்கொண்டு அதற்கு முந்தின வாரம் ஷூட் கேட்டால் காவிரியிலும் அரசலாற்றிலும் மணல்தான் இருக்கும். அந்த மணலும் சாயங்கால வெயிலில் அழகுதான். ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்து ஏமாறக் கூடாது.

வயலும் அப்படித்தான். நட்ட பத்து நாளில் வயல் முழுக்கத் தண்ணீராகத் தெரியும், வானம் அப்படியே அதில் இறங்கும். குறுவையின் அடர்ந்த பச்சை ஆடி, ஆவணியில். சம்பாவின் பச்சை கார்த்திகையிலிருந்து மார்கழி வரை. தை பிறந்து அறுப்புத் தொடங்கினால் ஒரு பக்கம் பொன் நிறம், ஒரு பக்கம் அறுத்துவிட்ட வெறும் நெல் தாள். அதற்கப்புறம் உளுந்தும் பயறும் தரையோடு தரையாகத் தாழ்ந்த பச்சையாய் நிற்கும்.

எங்கள் யோசனை, கல்யாணம் இல்லாத மாதங்களிலேயே ஷூட்டை வைத்துக்கொள்ளுங்கள். தை கல்யாணம் என்றால் மார்கழியில் வாருங்கள். விடியற்காலைப் பனி வரப்பின்மேல் நிற்கும், வாசலெல்லாம் கோலம், சம்பா முழுப் பச்சை. எங்களுக்கும் வேறு வேலை இருக்காது, நிதானமாக எடுப்போம். ஆவணி கல்யாணத்துக்கு ஆடி. ஆறு நிறைந்து ஓடும். "ஆடியில் சேர்ந்து போகலாமா" என்று வீட்டில் பெரியவர்கள் தயங்கினால் அவர்களை மீற வேண்டாம், ஆனி கடைசியிலேயே எடுத்துவிடலாம். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேர் மட்டும் வெளியே போவது சில வீடுகளில் இன்னும் சங்கடமான விஷயம். தங்கையையோ அண்ணியையோ கூட அழைத்து வாருங்கள். அவர்கள் பக்கத்தில் நின்று ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் பெண்ணின் முகத்தில் இறுக்கம் தானாகப் போய்விடும்.

வயலில் இறங்குவதற்கு முன் வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நாங்கள் கேட்காமல் இறங்குவதில்லை. பயிரை மிதித்து எடுக்கும் படம் யாருக்கும் வேண்டாம்.

ஆற்றுக்குள் இறங்கி நிற்கிற மாதிரி எடுப்பீர்களா?

மாட்டோம். படித்துறையின் மேல்படிகளில் எடுப்போம். திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறை மாதிரி அகலமான, காலை வெயில் படும் இடங்கள் அதற்கே போதும். கீழ்ப்படிகளில் பாசி இருக்கும். கொள்ளிடத்தில் மணல் எடுத்த பள்ளங்கள் மேலே இருந்து தெரியாது. நனைந்த பட்டுப் புடவை கட்டியவரால் நீந்த முடியாது. இந்த விஷயத்தில் யார் வற்புறுத்தினாலும் எங்கள் பதில் மாறாது.

தஞ்சாவூர் பெரிய கோயிலிலும் தாராசுரத்திலும் எடுக்க முடியுமா?

கும்பிடப் போகும்போது வெளிப் பிராகாரத்தில் கையில் இருக்கும் கேமராவில் நீங்களே எடுத்துக்கொள்வது வேறு. டிரைபாட், லைட், உடை மாற்றல் என்று ஒரு குழு போவது வேறு. இரண்டும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில்கள். பெரிய கோயில் 1987இலும், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் 2004இலும் உலகப் பாரம்பரியச் சின்னமானவை. தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். வாசலில் காவலரிடம் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்கிற போட்டோகிராபரை நம்பிப் போகாதீர்கள். பாதியில் வெளியே அனுப்பினால் அன்றைய மேக்கப், வண்டி வாடகை எல்லாம் உங்கள் செலவு. மற்றக் கோயில்களிலும் கவனம் தேவை. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உத்தரவிட்டது, அதற்கப்புறம் பல கோயில்களில் கேமராவுக்கும் கெடுபிடி கூடியிருக்கிறது.

அனுமதிச் சிக்கல் குறைவான இடங்களும் நிறைய இருக்கின்றன. தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு வெளியே கடற்கரையும் பழைய தெருக்களும் காலை ஆறு மணிக்கு அற்புதம். பூம்புகார் கடற்கரை, கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்கள், இதெல்லாம் விடியலில் கூட்டமில்லாமல் இருக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக வனத்துறை அனுமதி வேண்டும். எல்லாவற்றையும்விட உங்கள் சொந்த ஊர் அக்ரகாரமோ, தாத்தா வீட்டுத் திண்ணையோ, நீங்கள் படித்த பள்ளி மைதானமோ எங்களுக்கு இன்னும் பிடிக்கும்.

டிரோன் உண்டா?

உண்டு, எல்லா இடத்திலும் இல்லை. 2021 டிரோன் விதிகளின்படி, அரசின் டிரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் குறித்த இடத்தில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். மஞ்சள், சிவப்பு மண்டலத்தில் அனுமதி இல்லாமல் கூடாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, நகரை ஒட்டிய மண்டபங்கள் என்றால் வரைபடத்தில் முதலில் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம். முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்குள் டிரோன் விடமாட்டோம். அந்த இரைச்சலில் நாதஸ்வரம் எடுபடாது. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிற மண் இது, மேளத்தை அடக்கிவிட்டுப் படம் எடுப்பதற்கு எங்களுக்கு மனம் வராது.

முகூர்த்தம் காலை 4:30 – 6. இருட்டாக இருக்குமே, படம் நன்றாக வருமா?

நன்றாக வரும், மேடை விளக்கை ஒழுங்காக வைத்தால். விடியற்காலை என்பதால் கெடுவதில்லை. பெரும்பாலும் அலங்காரக்காரர் வைக்கிற ஊதா, நீல எல்இடி விளக்குகள்தான் படத்தைக் கெடுக்கின்றன. ரிசப்ஷனுக்கு அவை இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு அவற்றை அணைத்துவிட்டு, முன்பக்கம் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இளமஞ்சள் விளக்குப் போடச் சொல்லுங்கள். மஞ்சள் பூசிய முகமும் பட்டின் ஜரிகையும் அந்த ஒளியில்தான் தன் நிறத்தில் வரும். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை இருந்தால் அதையும் அணையுங்கள். கேமராவில் கோடு கோடாக விழும்.

ஓமப் புகையைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கவாட்டில் இருந்து கொஞ்சம் வெளிச்சம் வந்தால் புகையே படத்துக்கு அழகு.

தாலி கட்டும்போது எல்லோரும் மேடையில் ஏறி மறைத்துவிடுகிறார்கள். அக்கா கல்யாணத்தில் அந்தப் படமே இல்லை.

இது உண்மையான கவலை. கெட்டிமேளம் கொட்டியதும் உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நிற்கும், அட்சதை பறக்கும், முன்வரிசையில் எல்லாக் கையிலும் போன் உயரும். எல்லாம் ஒரு நிமிடம்கூட இல்லை.

நாங்கள் மூன்று இடத்தில் நிற்போம். ஒருவர் மேடையில், சாஸ்திரிகள் பக்கத்தில் தரையோடு உட்கார்ந்திருப்பார். நின்றால் அவரே மறைப்பவர் ஆகிவிடுவார். ஒருவர் ஹாலின் பின்பக்கம் ஸ்டூல் மேல், மொத்தக் கூட்டத்தையும் பார்க்கிற மாதிரி. மூன்றாமவர் மணப்பெண்ணின் பின்பக்கம் ஓரமாக. இந்த மூன்றாமவரைத்தான் பலரும் வைப்பதில்லை. அங்கே நடப்பதைப் பாருங்கள்: பெண் தலை குனிந்திருக்கிறாள், பின்னால் யாரோ ஒரு பெரியம்மா பூவும் குஞ்சமுமாகக் கனக்கிற சடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கிறார், மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டுக் கையை எடுக்கும் முன்பே நாத்தனார் விரல்கள் அடுத்த முடிச்சுக்கு வந்துவிடுகின்றன. முன்னால் இருந்து எடுத்தால் மாப்பிள்ளையின் கை மட்டும் தெரியும். இந்த நாலைந்து கைகளும் பின்னால் இருந்துதான் தெரியும்.

நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் மதிக்கிற ஒரு மாமாவிடம் மேடைப் பொறுப்பைக் கொடுங்கள். "கொஞ்சம் உட்காருங்க" என்று அவர் சொன்னால் உட்காருவார்கள். நாங்கள் சொன்னால் கோபம் வரும், அது நியாயமும்தான்.

ஒருவேளை தவறிவிட்டால் மறுபடி ஒரு தரம் செய்து காட்டச் சொல்வீர்களா?

தாலி கட்டுவதை ஒருநாளும் சொல்லமாட்டோம். அம்மி மிதிப்பது, அருந்ததி பார்ப்பது எதையுமே படத்துக்காகத் திரும்பச் செய்யச் சொல்வதில்லை. மாலை மாற்றும்போது "அப்படியே நில்லுங்க, இங்கே பாருங்க" என்று சடங்கை நிறுத்துவதும் இல்லை.

கேண்டிட், டிரெடிஷனல் இரண்டும் வேண்டுமா?

சொல்லாமல் இயல்பாக எடுப்பது கேண்டிட், நிற்கவைத்து எடுப்பது டிரெடிஷனல். இரண்டும் வேண்டும், ஒன்று உயர்த்தி ஒன்று தாழ்த்தி இல்லை. ரிசப்ஷன் வரிசையில் வந்து நின்ற ஒவ்வொரு குடும்பத்தையும் நேராக நிற்கவைத்து எடுக்கிறாரே அவர் வேலை அலுப்பானது, ஆனால் இருபது வருடம் கழித்து எல்லோரும் தேடுவது அந்தப் படங்களைத்தான். யார் வந்தார்கள், யார் அப்போது உயிரோடு இருந்தார்கள் என்பதற்கு அதுதான் பதிவு. பணம் இடித்தால் வீடியோ கிரேனை விட்டுவிடுங்கள், இவரை விடாதீர்கள்.

படத்தில் பெண்ணைக் கொஞ்சம் வெள்ளையாகக் காட்ட முடியுமா?

அம்மாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. பரு, தூக்கமில்லாத கண்ணுக்குக் கீழ் கருவளையம், இதையெல்லாம் மென்மையாக்குவோம். நிறத்தை மாற்றமாட்டோம். மாநிறமும் கறுப்பும்தான் இந்த ஊர் முகங்கள். வெளுக்கவைத்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி இட்ட கை இன்னொரு நிறம் ஆகிவிடும். பெண்ணுக்கே ஆல்பத்தைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கும்.

கறுத்த முகம் படத்தில் மங்கித் தெரிந்தால் குற்றம் முகத்தில் இல்லை. பக்கத்தில் பளிச்சென்ற பட்டு வேட்டி இருக்கும்போது கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். முகத்தைப் பார்த்து வெளிச்சம் வைத்து, வேட்டியின் வெண்மை வெடிக்காமல் பார்த்துக்கொள்வது எடுப்பவரின் வேலை. மேக்கப் செய்கிறவரிடமும் கழுத்து, காது, கை எல்லாம் ஒரே நிறமாக இருக்கும்படி சொல்லுங்கள். திருபுவனம் பட்டில் அரக்கும் மயில் கழுத்து நிறமும் இந்த முகங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே ஆல்பத்தில் பார்ப்பீர்கள்.

குடும்பப் படங்களுக்கு நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

இரண்டு வீட்டிலும் ஆளுக்கு ஒருவர், எல்லா உறவும் தெரிந்தவராக, ஒரு பட்டியலோடு எங்கள் கூடவே இருக்க வேண்டும். தாய்மாமன் யார், பெரியப்பா யார், சித்தி யார் என்று எங்களுக்குத் தெரியாது. தாய்மாமன் குடும்பத்தை விட்டுவிட்டால் அந்த வருத்தம் எளிதில் ஆறாது.

மூட்டுவலி உள்ள பெரியவர்களை மேடை ஏறச் சொல்லாதீர்கள். முகூர்த்தம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் இறங்கி அவர்கள் நாற்காலிக்குப் போய் நமஸ்காரம் செய்யட்டும், நாங்கள் அங்கே வருவோம். பந்திக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும். சாப்பிட்டதும் அவர்கள் காரில் ஏறிவிடுவார்கள்.

இன்னொன்று, மனதோடு சொல்கிறோம். கணவரை இழந்த அம்மாவோ அத்தையோ பாட்டியோ மேடைக்கு வராமல் தூண் பக்கத்தில் நிற்பதை நிறையப் பார்க்கிறோம். அழைத்தால் "நான் எதுக்கு" என்பார்கள். பிள்ளைகள் நீங்கள் முதல் நாளே பேசி, அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நடுவில் உட்காரவையுங்கள். எங்கள் பட்டியலில் அந்தப் படம் முதலில் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால்?

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. வெளியே எடுப்பதாக இருந்தவற்றுக்கெல்லாம் மண்டபத்துக்குள் ஒரு மாற்று இடம் முதல் நாளே பார்த்து வைப்போம். ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டுமா, மேடைக்கும் சேர்த்தா என்று மண்டபத்தில் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மழையில் போனாலும் எடுப்போம், குடைகளோடு அதுவும் நன்றாகவே இருக்கும்.

முஸ்லிம், கிறிஸ்தவத் திருமணங்களும் சுயமரியாதைத் திருமணங்களும் எடுப்பீர்களா?

எடுக்கிறோம். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்து நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபர் மட்டுமே போவார். அந்தப் படங்களைத் தேர்வு செய்து திருத்துவதும் அவரே. அவை குடும்பத்துக்கு மட்டும், எங்கும் பதிவேற்றமாட்டோம். தேவாலயத்தில் பங்குத்தந்தையிடம் முன்னாலேயே பேசி எங்கே நிற்கலாம் என்று கேட்டுக்கொள்வோம். பீடத்தின் பக்கம் போகமாட்டோம், பூசையில் பிளாஷ் கிடையாது.

சுயமரியாதைத் திருமணம் இந்தப் பக்கத்தில் நிறைய நடக்கும். மாலை மாற்றி உறுதிமொழி சொல்லி முடிந்துவிடும், பேச்சுகள்தான் நீளம். கூட்டம் கேட்கிற முகங்களை அப்போது எடுத்துக்கொள்வோம்.

திருக்கடையூரில் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வருவீர்களா?

கட்டாயம். அங்கே ஒரே நாளில் பல தம்பதிகளுக்கு அறுபது, எழுபது, எண்பது என்று அடுத்தடுத்து நடக்கும், அதனால் குழு சின்னதாக இருக்க வேண்டும். கோயில் விதிப்படி எங்கே எடுக்கலாமோ அங்கே மட்டும். கலச நீர் ஊற்றும்போது பிள்ளைகள் பேரன்கள் எல்லோரும் சுற்றி நிற்கட்டும்.

ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ரேட் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை நாள், ஆல்பத்தில் எத்தனை ஷீட், எந்தத் தாள், படம் திருத்துவதில் எவ்வளவு உழைப்பு, இதில்தான் வித்தியாசம். யாரிடம் போனாலும் பொறுக்கி எடுத்த இருபது படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் கேளுங்கள், உங்கள் மண்டபம் மாதிரி ஒரு சாதாரண மண்டபத்தில் எடுத்ததாக. அதை எடுத்தவரே உங்கள் கல்யாணத்துக்கும் வருவாரா என்றும் கேளுங்கள். முன்பணம், தேதி, ஆட்கள், ஆல்பம் தரும் காலம் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எங்களோடு பேசும்போதும் இப்படியே கேளுங்கள்.

படங்கள் யாருக்குச் சொந்தம்?

உங்களுக்கு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. "வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்பதைக் கவனியுங்கள். கையெழுத்துப் போடும் தாளைப் படித்துப் பாருங்கள். எங்கள் தாளில் உரிமை உங்களுக்கே. எங்கள் இணையப் பக்கத்தில் போட ஆசைப்பட்டால் ஒவ்வொரு படத்தையும் காட்டிக் கேட்போம், பெண் வேண்டாம் என்றால் பேச்சு அதோடு முடிந்தது.

ஆல்பமும் பென்டிரைவும் போதுமா? எப்படிப் பாதுகாப்பது?

கேமராவிலேயே இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகும். அன்று இரவே இரண்டு டிஸ்க்கில் நகல் எடுப்போம். உங்களிடம் தந்த பிறகு ஒரு நகல் வெளியூரில் இருக்கும் அண்ணனிடமோ தங்கையிடமோ இருக்கட்டும். 2004 சுனாமியில் நாகப்பட்டினம் கடலோரத்தில் வீட்டோடு கல்யாண ஆல்பமும் போன குடும்பங்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் ஓடு பறந்து பீரோவுக்குள் மழை இறங்கியது. ஒரே வீட்டில் நான்கு நகல் இருந்தும் பயனில்லை.

ஆல்பத்தைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி ஈரச் சுவர் ஓரம் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். அடிக்கடி எடுத்துப் பாருங்கள், காற்றுப் படட்டும். படங்களைத் தேர்வு செய்வதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பல ஆல்பங்கள் தாமதமாவது அங்கேதான். மறுவீடு முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுங்கள்.

உங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு?

முகூர்த்தத்துக்கு முன் ஒரு காபி, முடிந்ததும் இரண்டாம் பந்தியில் இலை. முதல் பந்தியில் சம்பந்தி உபசாரத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

கல்யாணத்தைப் பதிவு செய்யப் படம் எப்போது கிடைக்கும்?

அந்த வாரத்திலேயே. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிவின்போது பத்திரிகையோடு கல்யாணப் படமும் கேட்பது வழக்கம். ஆகவே மாலையோடு இருவரும் நிற்கும் படம் ஒன்றும், இருவரின் பாஸ்போர்ட் அளவுப் படங்களும் ஆல்பத்துக்குக் காத்திராமல் முதலிலேயே பிரிண்ட் போட்டுத் தந்துவிடுவோம். அதற்குத் தனிக் காசு இல்லை.